தள்ளி வைத்தது

காங்கேயம் ரோட்டில்
லேபிள் அச்சடிக்கும் கடைக்கு மேலே என் அறை.
மிஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும்.
வருகிறவர்கள் முதல் நாள்
அதைத் தங்கள் நெஞ்சு என்று நினைப்பார்கள்.

துளசிமணி நினைக்கவில்லை.
"கீழ ரெண்டு கலர் ஓடுதுங்" என்றாள், உட்காரும் முன்பே.
பனியன் கம்பெனியில் செக்கிங்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு உருப்படி,
விரல் நுனியால் தடவி
ஓட்டை, விட்ட தையல், எண்ணெய்க் கறை.
அந்த விரல்கள்தான் ஆடியிலிருந்து மரத்துப்போகின்றன.
கோவையில் ஊசி குத்திப் பார்த்தார்கள்.
நரம்பில் ஒன்றுமில்லை என்று எழுதி
என்னிடம் அனுப்பினார்கள்.

எட்டு வாரம் வேறெதையோ பேசினாள்.
ஷிப்ட் வேன், மூத்தவனின் கணக்குப் பாடம், மாமியாரின் சர்க்கரை.
ஒன்பதாவது வாரம், தம்பி.
சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கினவன்.
ஜி.எச்.சில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள்,
முகம் மட்டும் விட்டு.
"கையப் புடிச்சுப் பாக்கோணும்னேனுங்.
முடிச்ச அவுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அழுதாள்.
நான் டிஷ்யூப் பெட்டியை
மேசைமேல் அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

பெட்டியைப் பார்த்ததும் அழுகை நின்றது.
"எங்கூரு பேக்கரியில டம்ளர இப்பிடித்தானுங்
தள்ளி வெப்பாங்க. கையி கையில படாம."
அப்புறம், ரொம்ப மரியாதையாக:
"தப்பா எடுத்துக்காதீங்.
தொடக் கூடாதுன்னு உங்க படிப்புல இருக்குதுங்களா,
இல்ல ஊருல இருக்குதுங்களா?"

படிப்பில் இருக்கிறது.
பெங்களூரில் எனக்குப் பயிற்சி தந்த அம்மாள் சொல்வார்:
கை நீளுவதற்கு முன் கேள்,
இந்தத் தொடுதல் யாருக்கு வேண்டியிருக்கிறது?
அவளுக்கா,
அவள் அழுவதைத் தாங்க முடியாத உனக்கா?
நல்ல விதி.
தோளில் சாய வந்த எத்தனையோ பேரை
அதை நம்பி நாற்காலியிலேயே அமர்த்தியிருக்கிறேன்.

ஊரிலும் இருக்கிறது.
அம்மா சொம்பைச் சாய்க்கும் உயரம் எனக்குத் தெரியும்.
குவிந்த கைகளுக்கு மேல் ஒன்றரை முழம்.
களையெடுத்தவர்கள் குடித்து முடிக்கும்வரை
ஒரு சொட்டு சிதறாது.
அந்த மணிக்கட்டின் கணக்கு
யாரும் சொல்லித்தராமலே என் மணிக்கட்டில்.

மடியில் கிடந்த கையைப் பார்த்தேன்.
அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?
"தெரியலீங்க துளசிமணி" என்றேன்.

நீட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.
கண்டுபிடித்துவிட்டாள்.
"இப்ப வேண்டாமுங். இப்பத் தொட்டீங்கன்னா
அது எனக்கில்லீங். பரிகாரமுங்."

மீதி இருபது நிமிடம்
தம்பியின் கைகளைப் பற்றிச் சொன்னாள்.
இடது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும்.
ஆர்டருக்கு ஆர்டர் விரல்களின் நிறம் மாறும்.
பொங்கலுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பான்,
போகாது,
போய்விட்டதென்று எல்லோரிடமும் காட்டுவான்.

அடுத்த வாரம் கிளம்பும்போது, கதவருகே,
கேட்காமல் கொள்ளாமல்
என் குர்தாவின் தோள் தையலை
இரண்டு விரலால் பிடித்தாள்.
"விட்டிருக்குதுங். நாலு தையல்."
பிடித்தபடியே நின்றாள்.
"நூலு தெரியுதுங். விரலுல தெரியுது."

என் தோள்
ஒரு நூல் அளவு பின்வாங்கியது.
வேறு எந்தக் கைக்கும் அது தெரிந்திருக்காது.

அவள் கையை எடுக்கவில்லை, உடனே.
பிறகு எடுத்தாள்.
"வர்ற வாரமும் பத்தரைக்குத்தானுங்களே?"

விரல் உணர்ச்சி திரும்பியிருக்கிறது என்று
அவள் கோப்பில் குறித்தேன்.
என்னைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஒரு நூல்.