தனியவோ

யாழ்தேவி முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்த நாள்.
எல்லாரும் இறங்கி முடிஞ்ச பிறகு
முதுகைவிடப் பெரிய பையோட ஒருத்தி.
பேர் சிகுசா. ஊர் கானசாவா.
ஓட்டோக்கார ரஜீபன் என்னைத்தான் கேட்டான்:
"தனியவோ வந்தவ?"

ஓம், தனிய.
என்ர மாடி அறைக்கு இவள் பதினோராவது ஆள்.
முதல் வந்த ஜேர்மன்காரனுக்குப்
பாணும் ஜாமும் வாங்கி வைச்சன்.
மூன்றாம் நாள் மெல்லக் கேட்டான்,
குசினிக்குள் நீங்கள் என்ன சாப்பிடுறீங்கள் என்று.
அதுக்குப் பிறகு எல்லாருக்கும் புட்டுத்தான்.

கொக்குவில் ஒழுங்கை, மூன்றாவது படலை.
சிகுசா வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள்.
கழற்றிப்போட்டுக் குந்தியிருந்து
இரண்டையும் திருப்பி
மூக்கு வெளியைப் பார்க்க வைச்சாள்.
பக்கத்தில் என்ர செருப்பு
ஒன்று கிழக்க, ஒன்று குப்புற.

நானும் ஒருகாலம் அப்படி வைச்சனான்,
இருட்டில் கால் தேடாமல் ஓடுறதுக்கு.
அதை அவளுக்குச் சொல்லேல்லை.
அவளுடையது மரியாதைக்குத் திரும்பி நிற்கிற சப்பாத்து.
அதை ஏன் பங்கருக்குள் இறக்குவான்.

பக்கத்து வீட்டுப் புவனேசு மதிலுக்கு மேலால்:
"தனியவோ? கலியாணம் கட்டேல்லையோ?
தாய் தகப்பன் எப்பிடி விட்டவை?"
முதல் கேள்வியை மட்டும் மொழிபெயர்த்தன்.
சிகுசா சிரித்து ஒரு விரலைக் காட்டினாள்.
பிறகு அதே விரலை என் பக்கம் திருப்பிப்
புருவத்தைத் தூக்கினாள்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
இருபத்திரண்டு வருஷமாய்
அமிலப் போத்தல்களுக்குப் பேர் ஒட்டுறன்.
என்னை இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.
புவனேசுவும் கேட்கிறதில்லை,
தனக்குத் தெரியும் என்று அவவுக்கு ஒரு நினைப்பு.
நானும் ஒரு விரலைக் காட்டினன்.

மொட்டைக்கறுப்பன் சோற்றில்
உருண்டை பிடிக்கப் பார்த்தாள்.
நின்றது, யோசித்தது, கொட்டுண்டது.
எங்கட அரிசி லேசில் ஒட்டாது பிள்ளை,
ஆக்களும் அப்படித்தான் என்றன்.
ரெலிபோன் அதை என்னவென்று மாற்றிச் சொன்னதோ,
அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அடுத்த நாள் சம்பலுக்கு
மாசிக்கருவாட்டுப் போத்தலைத் திறந்தன்.
மாடியிலிருந்து தடதடவென்று வந்தாள்.
ஒரு துண்டை எடுத்து
மூக்கில் வைச்சபடி கண்ணை மூடினவள்
கன நேரம் திறக்கேல்லை.
பிறகு படம் காட்டினாள்:
அவளுடைய தாய், ஒரு மரப்பெட்டி,
விறகுக்கட்டைபோல அதே மீன்,
பென்சில் சீவினமாதிரி ரோசாச் சுருள்.
கடலும் கடலும் எப்பவோ பேசி முடிச்ச சம்பந்தம்,
எங்களுக்குத்தான் அறிவிக்கேல்லை.

அன்றைக்கு என்னைக் குசினிக்குள் விடேல்லை.
கத்தரிக்காயும் மாசியும் ஏதோ ஒரு தண்ணியும்
கொதிக்கிற மணம்.
மேசையில் விருந்தாளிகளின் கதிரையைக் காட்டி
இரு என்றாள், தமிழில்,
நான் அவளுக்குச் சொல்லுற அதே குரலில்.

இருந்தன்.
பத்துப் பேர் இருந்த கதிரை.
நான் ஒருநாளும் இருந்ததில்லை.
அதிலிருந்து பார்த்தால்
பூட்டின முன் அறைக் கதவு
நேரே முகத்துக்கு முன்னால் நிற்குது.
பிடியில் படிஞ்ச தூசிகூடத் தெரியுது.
பத்துப் பேரும் பார்த்திருப்பினம்,
புட்டைக் குழைச்சுக்கொண்டு.
ஒருத்தரும் கேட்கேல்லை.

அவள் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.
உப்புக் காணாது.
நல்லாயிருக்கு என்றன்.

ஞாயிறு விடிய ரயில்.
போறன் என்று சொல்லப்படாது,
போயிட்டு வாறன் என்று சொல்லவேணும் என்றன்.
தங்கட ஊரிலும் அதேதான் என்றாள்,
வீட்டை விட்டு வெளிக்கிடுறவை சொல்லுறது.
விருந்தாளி சொல்லுறதில்லையாம்.
கொஞ்சம் யோசித்துப்போட்டு
சொன்னாள்.

பன்னிரண்டாவது ஆள் வெள்ளிக்கிழமை.
கொரியா என்று எழுதியிருக்கு, தனிய.
கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போடுவமோ என்று பார்த்தன்.
போடேல்லை.
அந்த அறைத் திறப்பை எங்க வைச்சன் என்றும் ஞாபகமில்லை.
மாசி முடிஞ்சுபோச்சு,
முதல்ல அதை வாங்கவேணும்.