நகம் வைத்துப் பார்ப்பவள்

பர்கூர் சிப்காட், இரண்டாம் ஷிப்ட்.
அரவை நின்றால்தான்
காது என்று ஒன்று இருப்பது தெரியும்.

உருளைகள்மேல் வருகிறது பாளம்,
பத்தடிக்கு ஆறடி,
ஊதாவும் சாம்பலும் சுழித்த வேப்பனப்பள்ளிக் கல்.
பெற்றெடுத்த வயிறு மாதிரி மேலெல்லாம் கோடு.
மலையில் வெடி வைத்தபோதே விழுந்தவை.
திம்மராஜ் பசையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுக்கிறான்.
எங்கே விரிசல் என்று பசைக்குத் தெரிகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
அடுப்பறையில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்கும் கல்.
பிறகு விளக்கு வந்தது.
குவார்ட்ஸ் குழாய், உள்ளே சொட்டுப் பாதரசம்.
சூடேற ஐந்து நிமிடம்,
அணைந்தால் ஆறுவதற்குப் பத்து,
அதற்குமுன் கெஞ்சினாலும் எரியாது.
என் மாமியார் கோபத்துக்கும் இதே கணக்கு.

அதனடியில் நாற்பது நொடி. பசை கல்லாகிவிடும்.

தடுப்பின் இடுக்கில் தெரிகிற ஊதா
வேலை செய்வதல்ல, சிந்தியது.
வேலை செய்கிற வெளிச்சத்தை
யாரும் பார்த்ததில்லை.
கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்தவனுக்கு
மறுநாள் கண் நிறைய மணல்.

போன ஆடியில் மணி காட்டும் பெட்டியில்
ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
ஆயிரத்தில் மாற்றவேண்டிய குழாய்.
“நல்லாத்தானே எரியுது, சாலம்மா” என்றார் சூப்பர்வைசர்.
எரிந்தது. முதல் நாள் போலவே எரிந்தது.
கையுறையைக் கழற்றி
கட்டைவிரல் நகத்தை வைத்தேன்.
புளியம்பழச் சதை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

பதினோரு பாளங்கள்.
வெளிச்சம் இருக்கிறது, வேலை நடக்கவில்லை.
இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்று
பேனாவைக் கடித்தார்.

இப்போது எல்இடி.
பாதரசம் கிடையாது.
மழைக்கு முந்தி வருமே, அப்படியொரு வாடை,
மூக்கில் ஏறும் அதுவும் கிடையாது.
சொடுக்கினால் உண்டு, சொடுக்கினால் இல்லை.
திரையில் பச்சை எண்கள் ஓடுகின்றன.
நான் இன்னும் அந்த ஒரு நகத்தை வெட்டுவதில்லை.

நேற்று வாங்க வந்தவர்
பேனா அளவு டார்ச்சை எடுத்தார்.
ஷெட் விளக்குகளை அணைக்கச் சொன்னார்.
முகம் பார்க்கலாம்போல் மெருகேறிய கல்லில்
நாங்கள் மூடியதெல்லாம்
நீலமாக எழுந்து வந்தது,
ஓடைகளும் கிளை ஓடைகளுமாக.
“நிறைய இருக்கே.”
“மலைங்க சார்” என்றான் திம்மராஜ்.

சதுர மீட்டருக்கு இருநூறு குறைத்தார்.
பேசிக்கொண்டே டார்ச்சைத் திருப்பினார்.
என் கட்டைவிரல் ஓரத்திலும்
நகத்துக்கடியில் ஒரு நீலக்கோடு.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.