ஈர உடுப்பு காய வைத்துத் தரப்படும்

பதினேழு வருசம் டிரையர் அறையில் நின்றேன்.
செம்பு நிறத்தில் உள்ளே போகும் தூள்
கறுத்து வெளியே வரும்.
ஒரு பிடி அள்ளி மூக்கருகில் வைத்தால்
ஈரம் மூன்று வீதமா நாலா என்று சொல்லிவிடுவேன்.
அதற்குத்தான் சம்பளம்,
குவாட்டர்ஸ், விறகு,
மாதம் இரண்டு கிலோ தேயிலை, சேமலாப நிதி.

விலகல் கடிதத்தை மூன்று தரம் எழுதினேன்.
முதலாவதில் காரணம் எழுதினேன், நீண்டுவிட்டது.
அடுத்ததில் நன்றி எழுதினேன்,
வாசித்தபோது எனக்கே கூச்சம்.
கடைசியில் தேதி மட்டும் மிஞ்சியது.

துரை கேட்டார்: "எங்க, கட்டாரா?"
"வட்டவளை, சேர்."
"அங்க என்ன இருக்கு?"
"மழை."
அவர் சிரிக்கவில்லை.
இருபத்தெட்டுக்குள் வீட்டுச் சாவியை
ஸ்டோரில் ஒப்படைக்கச் சொன்னார்.

பாண் சுற்றி வந்த தாளின் பின்பக்கம்
யோகமலருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
ஆனியும் ஆடியும் வெயில் காணாத ஊர்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்
அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கி
புகை மணத்தோடு முதலாம் பாடத்துக்குப் போகின்றன.
ஆஸ்பத்திரித் தாதிமார்
ஈரக் காலுறையோடு பஸ் ஏறுகிறார்கள்.
கிலோவுக்கு நூற்றைம்பது.
அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"கரண்ட் பில் எங்க?"
அதை நான் எழுதியிருக்கவில்லை.
அவள் எழுதினாள்.
அதற்குக் கீழே தன் இரண்டு காப்புகளையும் எழுதினாள்.

நிஸ்தார் நானாவின் பழைய அரிசிக் கடை.
நுவரெலியாவில் மூடிய ஹோட்டலொன்றின் இரண்டு மெஷின்.
ஒன்று சுற்றும்.
மற்றது அழுதுகொண்டு சுற்றும்.
ஆடியில் இரண்டும் இரவு பதினொன்றுவரை ஓடின.
சூடு ஆறாத சட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து
ஒரு கொண்டக்டர்
காசைக் கொடுக்க மறந்து நின்றார்.
அந்த மாதம் நான் கொஞ்சம் உரத்துப் பேசினேன்
என்கிறாள் யோகமலர்.

தையில் பிடித்த வெயில் மாசியிலும் விடவில்லை.
ஊர் முழுக்க உடுப்பு:
வேலியில், ஸ்டேசன் கம்பியில்,
தேயிலைச் செடிகளின் தலையில்.
ஒவ்வொரு படுக்கை விரிப்பையும்
கண்ணாலேயே நிறுத்துப் பார்த்தபடி நடந்தேன்.
எல்லோரும் வானத்தைப் பார்த்து முகம் மலர,
ஒருவன் மட்டும்
மேற்கே ஒரு கரும்புள்ளி தேடினான்.
பத்தாம் தேதி வந்தது.
அது வெறும் பத்தாம் தேதி.

நேற்று டீமேக்கர் போன் எடுத்தார்.
"உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல்ல.
நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லு."
யோகமலரிடம் இதைச் சொல்லவில்லை.
மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்று அந்தியில் ஒரு பிள்ளை வந்தாள்,
சொட்டும் கொப்பியொன்றை இரு கையிலும் ஏந்தி.
ஓடையில் விழுந்துவிட்டதாம்,
விடிந்தால் பரீட்சையாம்.
"இதுக்கு எவ்வளவு, அங்கிள்?"
பலகையில் இதற்கு விலை இல்லை.
தராசில் வைத்தேன், முள் அசைந்ததா தெரியவில்லை.
"முப்பது ரூவா," என்றாள் யோகமலர் உள்ளிருந்து,
"எழுதி வைங்க, இன்னைக்கு இதுதான்."

மெஷினின் வாயைத் திறந்து வைத்து
சூட்டுக் காற்றில் தாள் தாளாய்ப் பிடிக்கிறேன்.
நீல மை கொஞ்சம் பரவியிருக்கிறது.
மீன்களின் இதயத்துக்கு இரண்டு அறை.
தாளை மூக்கருகில் கொண்டுபோகிறேன்:
பத்து வீதம். இல்லை, எட்டு.
மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புக்கு நகர்கிறது.
பிள்ளை அதையும் என்னையும் பார்க்கிறாள்.
நாற்பத்தோராம் பக்கம் இன்னும் ஈரம்.