நிறம்

மாசி மூன்றாம் வாரம். காடையாம்பட்டியில்
விடியற்காலை மூன்று மணிக்கே
சேர்வராயனிலிருந்து குளிர் இறங்கி
எங்கள் அடுப்புவாயில் வந்து குந்திக்கொள்ளும்.

சக்கை தள்ளுவது செங்கோடன்.
நுரை அள்ளுவது நான்.
முதல் நுரை கறுப்பு, அடுத்தது பழுப்பு.
அப்புறம் கொப்பரை முழுக்கப் பொங்கப் பார்க்கும்.
நாலு சொட்டு ஆமணக்கெண்ணெய் காட்டினால் போதும்,
காபி நீட்டிய மாமன்போல அடங்கிவிடும்.

மண்டிக்காரர் நேற்றே சொல்லிவிட்டார்:
"கறுத்தது போகாதும்மா. எலுமிச்சை நிறத்தில் கொடு,
சிப்பத்துக்கு நூற்றைம்பது கூடத் தர்றேன்."
அதற்கான பொட்டலம்
கூரை விட்டத்தில் செருகியிருக்கிறது.
வெள்ளைத் தூள். ஒரு பிடி போட்டால்
பாகுக்கு முகம் வெளுத்துவிடும்.

செங்கோடன் என்னைப் பார்க்கிறான்.
நான் கொப்பரையைப் பார்க்கிறேன்.
கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன்.
கரையவில்லை. விரலுக்குள் உருண்டது.
சுண்டிப் போட்டேன், 'டிங்' என்றது கிண்ணம்.

பதம் யாருக்காகவும் நிற்காது.
அவன் கை விட்டத்துக்கு உயர்ந்திருந்தது.
"இறக்கு" என்றேன்.
அதே கை கீழே வந்து
கொப்பரை வளையத்தைப் பிடித்தது.

மரத்தொட்டியில் ஊற்றினோம்.
செவலைக் கன்றுக்குட்டியின் நிறம்.
ஆறுமுன் பிடிக்க வேண்டும் உருண்டை;
பிடித்தோம், ஊதி ஊதி, உள்ளங்கை சிவக்க.

வெளிச்சம் வந்ததும் எண்ணினால் மூன்று சிப்பம்.
"நானூற்றைம்பது ரூபாய் போச்சு" என்றான் செங்கோடன்.
சொல்லிவிட்டுக் கொப்பரை ஓரத்தில்
ஒட்டியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
திரும்பவும் சுரண்டினான்.