இரண்டாம் குழி

தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்த உத்தரவு
இன்னும் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.
இது ஏழாவது மாதம்.

மூக்கையூருக்கு வடக்கே
இறால் பண்ணைக்காரன் மண்ணெடுத்துப் பாதியில் விட்ட தேரி.
சங்கிலியின் அந்த முனையிலிருந்து
பூவலிங்கம் கூப்பிட்டார்:
"சார், மண்ணுக்கு அம்மை போட்டிருக்கு."

செம்மணலில் கறுப்பு வட்டங்கள்.
கட்டைவிரலை வைத்தால் உள்ளே போகிறது.
கம்பு நட்டு, கம்பு மக்கி,
கம்பின் நிறம் மட்டும் நின்றுகொண்டிருக்கும் இடம்.
ஒன்பது. வளைவாக.
கச்சான் வரும் பக்கம் நெருக்கி நெருக்கி,
கிழக்கே ஓர் ஆள் குனிந்து நுழைய விட்டு.

படுத்துப் பார்த்தேன், அலுவல் நேரத்தில்தான்.
முழங்காலுக்குக் கீழே வீட்டுக்கு வெளியே கிடந்தது.
அப்படியென்றால் முடங்கித்தான் படுத்தார்கள்.
ஒருத்தி முதுகில் ஒருவன் வயிறு,
இடுக்கில் பிள்ளை,
கால்மாட்டில் ஒரு கொள்ளி.

வாசலுக்கு அப்பால் தின்று எறிந்த மட்டி.
நகமளவு ஒரு கல் சில்லு.
பூவலிங்கம் தாடியில் வைத்து இழுத்துப் பார்த்தார்.
"இன்னைக்கும் வெட்டுது சார்."

வந்து தின்று போகிறவர்களுக்கு
ஒரு மறைப்பு போதும்.
மான் போனால் மான் பின்னால்,
மீன் கரையொதுங்காவிட்டால் அடுத்த கழிமுகம்.
நானும் அப்படித்தான் எழுதி முடித்திருப்பேன்.

நாலாவது குழியை ஒட்டி இன்னொரு குழி.
கூடுதல் ஆழம், கொஞ்சம் சாய்வு,
அடியில் முட்டுக் கொடுத்த இரண்டு சங்கு.

முதல் கம்பைக் கறையான் தின்றிருக்கும்.
ஐப்பசி மழையில் கூரை ஒருபக்கம் இறங்கியிருக்கும்.
கிளம்பலாம் என்று ஒருவன் ஈட்டியை எடுத்திருப்பான்.
யாரோ உடைமரத்தில் ஒரு கிளை முறிக்கப் போயிருக்கிறார்கள்.

ஏன் என்று மண்ணில் இல்லை.
நிறைமாதமா, ஒடிந்த காலா,
ஒரு முழம் கிண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரா,
இல்லை, சும்மா
நடந்து நடந்து வந்த சலிப்பா.

போகிறவன் ஒழுகும் கூரையை
அண்ணாந்து பார்ப்பதோடு சரி.
ஊர் என்பது முதல் கம்பில் தொடங்கவில்லை.

படிவத்தில், கட்டடம்: இல்லை.
உரிமையாளர்: ஒரு கோடு.
தண்ணீருக்குக் கட்டமே கிடையாது.

சாயல்குடி லாட்ஜில்
என் ஜன்னலுக்குக் கொண்டி இல்லை, வந்த நாளிலிருந்தே.
காற்று அடித்தால் செருப்பை அண்டக்கொடுப்பேன்.
நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்று வாங்கினேன்,
முப்பது ரூபாய், நாலு ஸ்க்ரூவோடு.

இன்னும் அடிக்கவில்லை.
மேஜைமேல் இருக்கிறது.
ராத்திரி முழுக்க ஜன்னல் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.