கடைசி ரயில், கிருஷ்ணகிரி

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.
ஒரு காலத்தில் ஓடியதாம்,
தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்து
எடுத்துப் போய்விட்டார்களாம்.
தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் வரும்,
அடுத்த மழைக்குப் போய்விடும்.

ஆனாலும் சனிக்கிழமை ஏழு மணியானால்
முனிரத்தினத்தின் அக்கா வீட்டுக்காரர்
சவுண்டு சர்வீஸ் குடோனில்
நாங்கள் நாலு பேரும்
கடைசி ரயிலைத் தவறவிடுவோம்,
ஜப்பானிய மொழியில்.

லிகிதாவின் அண்ணன் ஓசூரில்
ஏதோ ஜப்பான் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான்.
பாட்டு அங்கிருந்து வந்ததில்லை,
அவன் கொண்டுவந்தது ஒரே ஒரு மஞ்சள் ஹெல்மெட்.
பாட்டு எங்களுக்குத் தானாக வந்தது,
அனிமே பார்த்துக் கண் கெட்ட பிள்ளைகளுக்கு
வருகிற மாதிரி.

வரிகளைத் தமிழில் எழுதித் தருவது நவ்ஷீன்.
வேதியியல் நோட்டின் பின்பக்கம்.
நம் ‘க’வுக்கு ரெண்டு குரல்,
எங்கே எது என்று தடுமாறுவோமென்று
மெல்லினமாய் ஒலிக்கும் இடத்தில்
அடியில் ஒரு புள்ளி வைப்பாள்.
“‘க’ வல்லினம்டீ” என்றால்
“ஜப்பான்ல போய்ச் சொல்லு” என்பாள்.
அந்தப் பக்கம் கந்தக அமிலம்,
இந்தப் பக்கம் குடை, கோடை, நிலையம், மழை.

அர்த்தம் தேடக் கூடாது என்பது சட்டம்.
மீறியது நான்.
‘அமே’ என்றால் மழையாம், சொன்னேன்.
லிகிதா ஒப்பவில்லை.
அவள் வீட்டுத் தெலுங்கில் ‘ஆமெ’ என்றால் அவள்.
“சரி, அவள் பெய்யறா. இப்ப என்ன?”

மைக், கல்யாண மைக்.
அதன் வலைத்தலையில்
பத்து ஊர்க் கட்சிக்காரர் எச்சில் காய்ந்திருக்கும்.
“ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்லாமல்
முனிக்குப் பாட வராது.
செயலி அதையும் பாட்டென்று கேட்டு
மூன்று மார்க் குறைக்கும்.
நவ்ஷீன் எண்பத்தெட்டு. லிகிதா எழுபது.
என்னுடையது வேண்டாம்.
முனி நாற்பத்தொன்றைத் தாண்டியதில்லை.

அன்றைக்கு ஆனி மாதம்.
மாங்கூழ் ஆலைகளின் புளித்த இனிப்பு
ஷட்டருக்குக் கீழே நுழைந்துகொண்டிருந்தது.
முனி மெதுவான பாட்டைக் கேட்டான்,
நாங்கள் யாரும் தொடாதது,
மூச்சை எங்கே விடுவதென்றே தெரியாதது.
நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.
டெஸ்டிங்கும் சொல்லவில்லை.

எங்கே படித்தான்,
வேப்பனப்பள்ளி பஸ்ஸின் எந்தப் படிக்கட்டில்,
யாருக்குத் தெரியும்.
ஒரு புள்ளி பிசகவில்லை.
கரகரத்த குரலில்
எங்களுக்கு இல்லாத ரயில் ஒன்று
குவியலாய்க் கிடந்த சீரியல் லைட்டுகளுக்கு நடுவே
வந்து நின்று கிளம்பியது.

என் போனில் ஒன்பது பதினேழு.
அவன் பஸ் ஒன்பது இருபது.
லிகிதாவும் மணி பார்த்தாள்,
நவ்ஷீனும்தான்.
யாரும் சொல்லவில்லை.

அறுபத்தொன்று வந்தது.
கத்திவிட்டு ஓடினோம்.
பஸ் ஸ்டாண்டில்
அவன் பஸ் நிற்கிற இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும், ஈரமாக.

மூச்சு வாங்க முனி கேட்டான்:
“அந்தப் பாட்டுல, ரயில் போனப்புறம்
அவன் என்னதான்டா பண்றான்?”
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
சட்டத்தை மீறியவன் நான்தானே.
“தெரியல. அதோட முடிஞ்சிடுது” என்றேன்.

முடியவில்லை.
அவன் நடக்கிறான்.
மூன்று நிலையத் தூரம், குடையில்லாமல்,
சொல்ல வந்ததைச் சொல்லாமல்.
அதைச் சொல்லியிருந்தால்
முனி ஒருத்தியைத் திரும்பிப் பார்த்திருப்பான்.
யாரை என்று தெரிந்துகொள்ள
எனக்குத் தைரியம் இல்லை.

விடிந்தால் அந்தப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம்.
மாமாவின் மினிலாரி கிளம்பியது.
ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில்
குந்தி உட்கார்ந்து முனி கை காட்டினான்.

குடோனுக்குத் திரும்பினால்
மேசைமேல் நவ்ஷீனின் போன்,
செயலியை நிறுத்த மறந்திருந்தோம்.
அடுத்த பாட்டு தானே ஓடி முடிந்திருந்தது.
தெருநாய், ஹைவே லாரி, நாங்கள் இழுத்துவிட்ட ஷட்டர்,
எல்லாவற்றையும் கேட்டுப்
போட்டிருந்தது:
முப்பத்திரண்டு.

என்னுடையதைவிட நாலு கூட.