தன்மைப் பன்மை

உட்துறைமுக வீதி விடுதி, இரண்டாம் மாடி.
குளிரூட்டி பதினெட்டில்.
கண்ணாடிக்கு அப்பால் கடல்
வேலை கிடைக்காதவன்போல் மல்லாந்து கிடக்கிறது.

நான் மொழிபெயர்ப்புக் கூண்டுக்குள்.
காதில் ஆங்கிலம், வாயில் தமிழ்,
மணித்தியாலத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு,
சாப்பாடு தனி.

முதல் வில்லையில் உலகப் படம்.
சிங்கப்பூருக்கு ஒரு புள்ளி, டுபாய்க்கு ஒரு புள்ளி,
நடுவில் எங்கட ஊர் மஞ்சளில்,
அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகவே.
ஆலோசகர் லின்ட்ஹோம் நல்ல மனிதர்.
திருகோணமலையின் ஆறெழுத்தில்
நாலைச் சரியாகச் சொல்லப் பழகியிருக்கிறார்.

ஹின்டர்லேண்ட் என்றார்; பின்னிலம் என்றேன்.
கந்தளாயும் சேருவிலவும் வெருகலும்
ஒரே சொல்லில் பின்னுக்குப் போயின.
வேல்யூ செயின் என்றார்; பெறுமதிச் சங்கிலி என்றேன்.
மூன்றாம் வரிசையில் நஸ்லிமாவின் கை
கழுத்துக்குப் போய்
வெறுங்கழுத்தைத் தடவி இறங்கியது.

அடுத்து வந்தது அந்தச் சின்னச் சொல்.
ஆங்கிலத்துக்கு ஒரு 'வீ' போதும்.
தமிழ் கணக்குக் கேட்கும்:
கேட்டுக்கொண்டிருப்பவர் உள்ளேயா, வெளியேயா?
தெருவில் எனக்கு எல்லாவற்றுக்கும் நாங்கள்தான்.
ஒலிவாங்கிக்கு முன்னால் மட்டும்
தமிழ் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்ளும்.
இரண்டு விநாடி. தலைகள் கூண்டுப் பக்கம் திரும்பின.

நாம் என்றேன்.
நாம் உலகச் சந்தையில் போட்டியிடுவோம்.
நாம் முதலீட்டாளரை வரவேற்போம்.
நாம் நானூறு ஏக்கரை விடுவிப்போம்.

சம்பூர் தர்மகுலம் எழும்பினார்.
மேடையைப் பார்க்கவில்லை, என்னைத்தான்:
"நாம் எண்டா ஆர், பிள்ளை?"

அதையும் மொழிபெயர்ப்பது என் தொழில்.
ஆங்கிலத்தில் அது மூன்று சொல்லாகிச்
சிறுத்துப் போனது.
"நாம் எல்லோரும்" என்று சிரித்தார் ஆலோசகர்.
அதையும் தமிழாக்கினேன்.

நஸ்லிமா கேட்டாள்:
"நண்டு எங்கட கரையில் ஏறுறது காலம ஆறு மணிக்கு.
கரண்ட் போறது ஏழுக்கு.
பத்து மணிக்கு உங்கட உலகச் சந்தை
எண்ட வீட்டுக்குள்ள நாறும்.
இதுக்கு எத்தனையாம் பக்கம்?"
அவர் குறித்துக்கொண்டார்: கோல்ட் செயின்.
குளிர்ச் சங்கிலி என்றேன். இன்னொரு சங்கிலி.

சாப்பாட்டு நேரம் வாகனத் தரிப்பிடத்தில் மான்கள்.
ஒன்று வரைவுத் திட்டத்தின் சிங்களப் பிரதியை மென்று முடித்து
தமிழுக்கு வந்தது.
ஆங்கிலப் பிரதி வழுவழுப்புத் தாள்;
முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது.

பிற்பகல் அதே வில்லை மறுபடி வந்தது, சுருக்கமாக.
ஒருவரும் சொல்லாமல் நானே மாற்றினேன்:
நாங்கள் நானூறு ஏக்கரை விடுவிப்போம்.

கதிரைகள் கிறீச்சிட்டன.
தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.
தர்மகுலம் பேனா கேட்டார், கிடைத்தது,
அழைப்பிதழின் பின்புறத்தில்
நானூறு என்று எழுதி அடியில் கோடிட்டு
"எந்தப் பக்கத்து நானூறு?" என்றார்.
அதற்குப் பிறகுதான் கூட்டம் தொடங்கியது,
முடிய இருபது நிமிடம் இருக்கையில்.

கூண்டுக்குள் ஒரு துண்டுக் காகிதம் வந்தது,
திட்டமிடல் பிரிவின் கையெழுத்து:
தயவுசெய்து 'நாம்' எனப் பாவிக்கவும்.
மடித்துப் பற்றுச்சீட்டோடு வைத்தேன்.

ஐந்தரை பஸ். ஆலங்கேணிக்கு நான்,
கிண்ணியாவுக்கு நஸ்லிமா.
மடியில் ரெஜிபோம் பெட்டி, டவுனில் வாங்கிய ஐஸ்;
வீட்டில் பதினாறு கிலோ காத்திருக்கிறதாம்.
பாலத்தில் ஏதோ திருத்தவேலை, வண்டி நிற்கிறது.
பெட்டியின் மூலையிலிருந்து ஒழுகி
அவள் செருப்பு, பிறகு என்னுடையது.

மூடியை அமத்திப் பிடித்தபடி கேட்டாள்:
"இதால போனா, நாம எத்தின மணிக்குப் போய்ச் சேருற?"
நானும் ஒரு கையை மூடிமேல் வைத்தேன்.